எண்ணும் தேநீரும்

எண் என்பது யாது? தமிழ்த்துறை மலரில் இக்கேள்வியைக் கண்டு கணிதத்துறை நண்பர்கள் முறுவலிக்கக்கூடும். ஆயினும் கணக்கிடுதலையும் சிந்தித்தலையும் 'எண்ணுதல்' என்னும் ஒரே சொல்லால் குறிக்கும் மொழிக்கு உரியவர்கள் நாம். ஆதலின் இக்கேள்வியில் நமக்கும் பங்குண்டு.

நான்கு மாம்பழங்களைக் கண்டிருக்கிறோம். நான்கு குவளைகளைக் கண்டிருக்கிறோம். 'நான்கு' என்பதனை மட்டும் எவரும் கண்டதில்லை. பழமும் குவளையும் நீங்கியபின் எஞ்சி நிற்கும் அதற்கு நிறமில்லை, மணமில்லை, சூடில்லை. தேநீரோ இதற்கு நேர்மாறானது. நிறமும் மணமும் சூடும் போய்விட்டால் அதில் மிஞ்சுவது ஒன்றுமில்லை. இவ்விரண்டும் ஒரே மேசையில் சந்தித்த வரலாறு ஒன்று உண்டு.

1920களின் தொடக்கம். இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் தேநீர் வேளை. ரொனால்ட் ஃபிஷர் என்னும் புள்ளியியல் அறிஞர் ஒரு கோப்பையை நிரப்பி, உடன் பணியாற்றிய மியூரியல் பிரிஸ்டல் அம்மையாரிடம் நீட்டினார். பாசியினங்களை ஆராய்ந்துவந்த அவ்வம்மையார் அதனை ஏற்க மறுத்தார். பாலை முதலில் ஊற்றி அதன்மேல் தேநீரை ஊற்றினால்தான் தமக்குப் பிடிக்கும் என்றும், எது முந்தியது என்பதைச் சுவையாலேயே தம்மால் கூற இயலும் என்றும் உரைத்தார். ஃபிஷர் அதனை நம்பவில்லை. அருகிலிருந்த வில்லியம் ரோச் என்பவர்தாம், சோதித்துப் பார்த்துவிடலாமே என்றார்.

இந்நிகழ்ச்சியிலிருந்து ஃபிஷர் வளர்த்தெடுத்த கணக்கு, 1935இல் வெளிவந்த அவரது பரிசோதனை வடிவமைப்பு பற்றிய நூலில் இடம்பெற்றது. எட்டுக் கோப்பைகள். நான்கில் பால் முதலில். நான்கில் தேநீர் முதலில். அவற்றை முன்பின்னாகக் கலைத்துக் கொடுப்பர். நான்கு நான்காக உள்ளன என்பது மட்டும் சுவைப்பவருக்குத் தெரியும். பால் முந்திய நான்கினை அவர் பிரித்தெடுக்க வேண்டும். எட்டிலிருந்து நான்கைத் தேர்ந்தெடுக்க 70 வழிகள் உள; அவற்றுள் சரியானது ஒன்றே. நாவில் உணர்ச்சியே இல்லாதவர் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும், எழுபதில் ஒரு முறை வென்றுவிடலாம். மூன்றைச் சரியாக எடுத்து ஒன்றில் தவறினால்? அவ்வாறு நேர 16 வழிகள் உள. முழு வெற்றியையும் சேர்த்தால் 17. எழுபதில் பதினேழு ஏறத்தாழ கால் பங்காகும். குருட்டாம்போக்கிலேயே எட்டிவிடக்கூடிய பேறு அது. எனவே ஒரே ஒரு கோப்பை தவறினாலும் அம்மையாரின் கூற்று நிலைபெறாது. கடுமைதான்!

ஆறு கோப்பைகளை மட்டும் வைத்திருந்தால் வழிகள் 20 ஆகக் குறைந்துவிடும். இருபதில் ஒன்று, அதாவது நூற்றுக்கு ஐந்து என்பதே, தற்செயலைப் பிரித்தறியப் புள்ளியியலார் பலர் இன்றும் போடும் எல்லைக்கோடு. அந்த இருபதில் ஒன்றுக்கு 'மா' என்று பெயரிட்டு எண்சுவடியில் வைத்தவர்கள் நம் முன்னோர். எண்பதில் ஒன்று காணி. முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி. எழுபதில் ஒன்று காணிக்குச் சற்றே மேல். பின்னங்களுக்கு இத்துணை இனிய பெயர்களைச் சூட்டிய மொழியைப் பயில வரும் மாணவருட் சிலர், கணக்கிலிருந்து தப்பித்தோம் என்று மகிழ்வது ஏனோ, நமக்கு விளங்கவில்லை.

எம் அன்னையார் பள்ளிக்குச் சென்றவரல்லர். மளிகைக்கடையில் வாங்கிய தேயிலைத்தூள் மாறியிருந்தால் முதல் மிடற்றிலேயே சொல்லிவிடுவார். கடைக்காரரோ, அதே தூள்தான் என்று சாதிப்பார். அன்னையாருக்கு வாய் கசந்திருக்கும் என்று வீட்டுப் பெரியவர்களும் சிரித்து முடித்துவிடுவர். அவர் மேலும் வாதிடாமல் அடுக்களைக்குத் திரும்பிவிடுவார். அவருக்கென்று எட்டுக் கோப்பைகளை எவரும் எடுத்துவைத்ததில்லை. எண்ணுக்குச் சுவையில்லாமையே அதன் பெருமை என்று நாம் கருதுவது இதனால்தான். சொல்பவர் பட்டம் பெற்றவரா, அடுப்படியில் நிற்பவரா என்று அது பார்ப்பதில்லை. ரோதம்ஸ்டெட்டில் எழுபதில் ஒன்றாக இருப்பது எங்கள் அடுக்களையிலும் எழுபதில் ஒன்றாகவே இருக்கும்.

ஆனால் நல்ல தேநீர் இறக்க எண் போதுமா என்பது வேறு வழக்கு. அனைத்துலகத் தர நிர்ணய அமைப்பு 1980இல் இதற்கும் ஒரு நெறி வகுத்தது. 100 மில்லி லிட்டர் கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை. ஆறு நிமிடம் ஊறவேண்டும். அத்துணைத் துவர்ப்பை நம்மவர் பொறுப்பரா? ஒரு தேயிலையை மற்றொன்றோடு ஒப்பிட்டு நோக்குவதற்கென வகுத்த நெறி அது. விருந்தினருக்குக் கொடுக்க வகுத்ததன்று.

எம் அன்னையாரின் அளவு மூன்று விரல். குமிழிகள் பெரிதாகும் வரை தூளைத் தொடமாட்டார். இட்டவுடன் அடுப்பைத் தணித்துப் பாத்திரத்தை மூடிவைப்பார். எவ்வளவு நேரம் என்று கேட்டால், மணம் மாறும் வரை என்பார். எம் தமக்கையார் இதனைக் கரண்டிக் கணக்காகவும் நிமிடக் கணக்காகவும் ஏட்டில் எழுதிக்கொண்டு, திருமணமாகி உதகைக்குச் சென்றார். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. நீர் ஏறத்தாழ 93 பாகை வெப்பத்திலேயே கொதித்துவிடும். சாயம் இறங்கத் தாமதமாகும். ஏட்டுக் கணக்கு அங்கே பலிக்கவில்லை. பின்னர் அங்குச் சென்றிருந்த அன்னையார் எதுவும் வினவாமல், மூடிய பாத்திரத்தை இன்னும் சற்று நேரம் விட்டுவைத்தார். மணம் மாறியதும் வடிகட்டினார். தேநீர் சரியாக இருந்தது.

பால் முந்தியா, தேநீர் முந்தியா என்னும் வழக்கு நம் வீடுகளில் எழுவதில்லை. பாலை முன்னரே பொங்கக் காய்ச்சிவிடுகிறோம். ஆங்கிலேயர் ஊற்றுவதோ குளிர்ந்த பால். சூடான தேநீரில் சிறிது சிறிதாக விழும் பாலின் புரதம் மிகுவெப்பத்தால் உருமாறிச் சுவையைக் கெடுக்கும் என்று பிரிட்டனின் ராயல் வேதியியல் கழகம் 2003இல் விளக்கி, பாலையே முதலில் ஊற்றச் சொன்னது. அம்மையாரின் நா பொய்யுரைக்கவில்லை போலும்.

ஃபிஷர் தம் நூலில் சோதனையின் முடிவை எழுதாமல் விட்டுவிட்டார். அம்மையார் எட்டையும் சரியாகவே இனங்கண்டார் என்பது வழிவழியாக வந்த செய்தி. சோதித்துப் பார்க்கலாம் என்று சொன்ன ரோச்சையே அவர் பின்னர் மணந்துகொண்டார். அவ்வில்லத்தில் பால்தான் முதலில் ஊற்றப்பட்டிருக்கும் என்று எண்ணிக்கொள்கிறோம்.