சாப்பாட்டுக்கு ஒரு வார்த்தை

டென்மார்க்கில் மூன்று வாரம் இருந்துவிட்டு வந்தேன் என்று சொன்னதுதான் தாமதம், ஸ்நேகிதர் ஒருவர் காகிதமும் பென்சிலுமாக எதிரே உட்கார்ந்துவிட்டார். "என்னென்ன பார்த்தீர், வரிசையாகச் சொல்லும்" என்றார். நான் சொன்ன ஜாபிதா மிகவும் சிறியது. ஒரு கோபுரம், ஒரு தீவு, சில ரொட்டித் துண்டுகள். "இதற்கா அவ்வளவு தூரம் போனீர்?" என்று காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அவர் ஏமாந்தது நியாயந்தான். அங்கிருந்து நான் கொண்டுவந்த ஒன்று ஜாபிதாவில் அடங்காது. அதை இங்கே சொல்கிறேன், நேயர்கள் பொறுமையோடு கேட்கவேண்டும்.

எங்கள் மகளுக்குக் கோபன்ஹேகனில் உத்தியோகம். அவள்தான் அழைத்தாள். போய் இறங்கிய அன்றே ஒரு சட்டமும் போட்டாள். "அப்பா, ஒரு நாளைக்கு ஒன்றுதான். அதற்கு மேல் பார்க்கக் கூடாது. அம்மாவின் முழங்காலை நினைத்துக்கொள்ளுங்கள்" என்றாள். என் மனைவியின் முழங்கால் பத்து வருஷமாக எங்கள் பிரயாணங்களை நிர்ணயித்து வருகிறது. திருச்சி மலைக்கோட்டையை நாங்கள் கீழிருந்தே கும்பிடுகிறவர்கள்.

ஆனால் டென்மார்க் என்றதும் அவள் மறுக்கவில்லை. காரணம் இருக்கிறது. அவள் பிறந்தது பொறையாறு. கூப்பிடு தூரத்தில் தரங்கம்பாடி. சிறு வயதில் டேனிஷ் கோட்டைச் சுவர் ஓரமாகக் கிளிஞ்சல் பொறுக்கியவள். 1620-இல் ஓவே கெட்டே என்ற கப்பல் தலைவர் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு கட்டிய கோட்டை அது. டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியனுக்கு நாயக்கர் பொன் தகட்டில் தமிழில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. 1845-இல் டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள். சரித்திரத்தில் அந்த அத்தியாயம் அதோடு முடிந்தது. என் மனைவியின் கணக்கில் முடியவில்லை. "நம்ம ஊருக்கு வந்தவங்கதானே? ஒரு தடவை நாம போய்ப் பார்க்கறதுல என்ன தப்பு?" என்றாள்.

முதல் நாள் வட்டக் கோபுரம் பார்த்தோம். அதே நான்காம் கிறிஸ்டியன் 1637-இல் ஆரம்பித்து 1642-இல் முடித்த கோபுரம். உயரம் சுமார் 35 மீட்டர். என் மனைவி கீழே ஒரு பெஞ்சியைத் தேடினாள். "நீங்க போயிட்டு வாங்க" என்றாள். மகள் சிரித்தாள். "அம்மா, இதில் படியே கிடையாது" என்றாள்.

உண்மையிலேயே கிடையாது. உள்ளே செங்கல் பாவிய சரிவுப் பாதை ஒன்று, சங்கின் உட்புறம்போல, ஏழரைச் சுற்றுச் சுற்றிக்கொண்டு மேலே போகிறது. உச்சியில் நட்சத்திரங்களைப் பார்க்கும் இடம், நடுவே முன்பு பல்கலைக்கழகத்தின் புத்தகசாலை இருந்தது. கருவிகளையும் புத்தகங்களையும் சிரமமில்லாமல் மேலே கொண்டுபோகத்தான் இந்த ஏற்பாடு. ருஷ்யச் சக்கரவர்த்தி பீட்டர் 1716-இல் இதில் குதிரைமேல் ஏறியே போனாராம். நாங்கள் நடந்தே போனோம். ஜன்னலுக்கு ஜன்னல் நின்று, வெள்ளையடித்த சுவரில் வெயில் சரிவதைப் பார்த்துக்கொண்டு, முக்கால் மணி நேரத்தில் ஏறினோம். உச்சியை ஒட்டிக் குறுகலாகச் சில படிகள் இருக்கத்தான் இருந்தன. அதற்குள் அவளுக்குத் தைரியம் வந்துவிட்டது. என் கையைக்கூடப் பிடிக்கவில்லை. மேலே நின்று சிவப்பு ஓட்டுக் கூரைகளைப் பார்த்தவள், "அந்த ராஜாவுக்கு முழங்கால் வலி இருந்திருக்கும்" என்றாள்.

மறுநாளிலிருந்து சாப்பாட்டுப் படலம். ஸ்மொர்பிரோ என்று ஒன்று. பொருள் என்னவோ 'வெண்ணெய் ரொட்டி' என்பதுதான். கறுப்பு, புளிப்பு, கனம் மூன்றும் சேர்ந்த ரொட்டி. ரை என்ற தானியத்தில் செய்வது. கேழ்வரகுக் களி தின்று வளர்ந்தவர்களுக்கு அது அந்நியமாகத் தோன்றாது. ஒரே ஒரு துண்டில் வெண்ணெய் தடவி, மேலே மீனோ முட்டையோ அவித்த உருளைக்கிழங்கோ அடுக்கி, மேலே மூடாமல் திறந்தபடியே வைக்கிறார்கள். கையில் எடுக்கக் கூடாது, கத்தியும் முள்ளும்தான். மீன் துண்டில்தான் ஆரம்பிக்கவேண்டும் என்று வரிசைக்கிரமம்கூட உண்டு. அந்த மீன் ஹெர்ரிங். காடியிலும் சர்க்கரையிலும் ஊறியது. ஒரு வாய் வைத்ததும் என் மனைவியின் முகத்தில் பொறையாற்றுக் கடற்கரை முழுவதும் எழுந்து நின்றது. "மீன்ல சர்க்கரையா!" என்றாள். சற்றுப் பொறுத்து இன்னொன்றும் சொன்னாள். "மிளகு வேணும்னுதானே அவ்வளவு தூரம் கப்பல் ஓட்டிக்கிட்டு வந்தாங்க? வாங்கிக்கிட்டுப் போன மிளகையெல்லாம் எங்கே வச்சிருக்காங்க?"

இந்தக் கேள்விக்கு எந்தச் சரித்திராசிரியரும் பதில் எழுதவில்லை.

பத்து நாள் கழித்து, ஆண்டர்சன் பிறந்த ஓடென்ஸில் ரயில் மாறி, ஸ்வென்போரில் படகு ஏறி, ஏரோ என்ற தீவுக்குப் போனோம். முக்கால் மணியும் அரை மணியும் சேர்ந்த படகுப் பயணம். ஏரோஸ்கோபிங் என்ற சிற்றூரில் ஒரு வாரம் ஜாகை. தெருவெல்லாம் உருட்டுக் கல். மரச்சட்டங்களுக்கிடையே சுவர் எழுப்பி மஞ்சளும் சிவப்பும் பூசிய குள்ளமான பழைய வீடுகள், ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்துகொண்டு நிற்கின்றன. வாசற்படியோரம் கல்லிடுக்கிலிருந்தே ஆள் உயரத்துக்குப் பூச்செடிகள். சில ஜன்னல்களுக்கு வெளியே இரண்டு சிறு கண்ணாடிகள் சாய்த்துப் பொருத்தியிருக்கும். உள்ளே உட்கார்ந்தபடியே தெருவின் இரு கோடியையும் பார்த்துக்கொள்ளலாம். "திண்ணை இல்லாத குறைக்கு இது" என்று என் மனைவி உடனே கண்டுபிடித்துவிட்டாள்.

ஊருக்கு வெளியே சாலையோரத்தில் ஒரு மேஜை. அதன்மேல் புது உருளைக்கிழங்கும் ஸ்ட்ராபெரிப் பழமும், பக்கத்தில் காசு போட ஒரு டப்பா. ஆள் இல்லை. வேண்டியதை எடுத்துக்கொண்டு விலையைப் போட்டுவிட்டுப் போகவேண்டியது. என் மனைவிக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. "யாரும் இல்லாட்டா யார்கிட்டே பேரம் பேசறது?" என்று கேட்டுவிட்டு, பழக்கூடையை எடுத்துக்கொண்டாள். போட்ட காசு சரிதானா என்று இரண்டு தடவை திரும்பிப் போய் எண்ணிப் பார்த்தாள்.

பக்கத்து வீட்டில் ஒரு வயோதிகத் தம்பதி. இருவரும் ஆசிரியர்களாயிருந்து ஓய்வு பெற்றவர்கள். ஒரு நாள் எங்களைச் சாப்பிட அழைத்தார்கள். மாலை ஆறு மணிக்கே இராச் சாப்பாடு! சூரியன் மறைய இன்னும் நாலு மணி நேரம் இருந்தது. ஆனாலும் மேஜைமேல் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றி வைத்திருந்தார்கள். 'ஹூக' என்று அவர்கள் சொல்லுகிற சுகம் அதில் இருக்கிறதாம். நாலு பேர் அவசரமில்லாமல் கூடி உட்கார்ந்திருக்கிற நிம்மதி என்று வேண்டுமானால் சொல்லலாம்.

சமையல் செய்தவர் அந்தக் கிழவர். வெண்ணெயில் பொரித்த தட்டை மீன், புது உருளைக்கிழங்கு, கொத்தமல்லியின் தாயாதிபோன்ற ஒரு கீரை போட்ட வெள்ளைக் குழம்பு, கடைசியில் சிவப்புப் பழக்கூழும் பாலேடும். சாப்பிட்டு முடிந்ததும் அவருடைய மனைவி, பேத்தி, எங்கள் மகள் மூவரும் ஒருவர் பின் ஒருவராக அவரைப் பார்த்து, "தக் ஃபோர் மத்" என்றார்கள். "வெல்பகோம்" என்று அவர் தலையசைத்தார். அதன்பின் அவரவர் தட்டை அவரவர் எடுத்துக்கொண்டு எழுந்தார்கள்.

"என்ன மந்திரம் அது?" என்று மகளைக் கேட்டேன்.

"சாப்பாட்டுக்கு நன்றி அப்பா. இங்கே தினமும் சொல்லுவார்கள்."

"விருந்துக்கா?"

"இல்லை, வெறும் கஞ்சிக்கும். வீட்டிலேயே."

பிறத்தியார் வீட்டில் உண்டால் 'அன்னதாதா சுகீ பவ' என்று வாழ்த்துகிற வழக்கம் நம்மிலும் சிலருக்கு உண்டு. சொந்த வீட்டு அடுப்படிக்கு மட்டும் நாம் ஒரு வார்த்தை வைத்திருக்கவில்லை. நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். நாற்பத்தோரு வருஷம். நாளைக்கு மூன்று வேளை. அதில் நான் பேசியதெல்லாம், 'உப்புக் குறைச்சல்', 'ரசம் ஆறிப்போச்சு' என்பதுதான். நன்றாயிருந்த நாளில் பேசாமல் கை கழுவினேன். என் நாவல்களில்கூடக் கதாநாயகனுக்குப் பசித்தால் எங்கிருந்தோ இலை வந்து விழுமே தவிர, போட்டவள் யார் என்று நான் எழுதியதில்லை.

ஆனாலும் எழுத்தாளன் புத்தி சும்மா இருக்குமா? கிழவரிடம் கேட்டேன். "தினமும் சொன்னால் வார்த்தை தேய்ந்து போகாதா?"

அவர் யோசித்தார். "தேய்ந்துதான் போயிருக்கிறது. ஆனால் ஒரு நாள் சொல்லாவிட்டால் தெரிந்துவிடும்" என்றார்.

மேஜையின் மறுகோடியில் என் மனைவி மெழுகுவர்த்தியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை தன் தட்டை எடுக்கலாமா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருந்தது.

மாயவரம் திரும்பிய மூன்றாம் நாள், தோசை தின்று முடித்து, "நன்றி" என்றேன். எனக்கே அது பொதுக்கூட்டத்துக் கடைசிப் பேச்சுபோல் ஒலித்தது. அவள் தோசைத் திருப்பியோடு வெளியே வந்து, "என்னங்க, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். மறுநாள் டேனிஷ் பாஷையில் சொல்லிப் பார்த்தேன். பதில் இல்லை. நான் தட்டைக் கழுவ எடுத்ததற்குத்தான் சண்டை வந்தது. இருந்தாலும் விடாமல் சொல்லிக்கொண்டு வந்தேன். அவளும் காதில் விழாததுபோல் இருந்துவந்தாள்.

போன வாரம் கும்பகோணத்தில் ஒரு கல்யாணம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. வெண்பொங்கலை அள்ளிப் போட்டுக்கொண்டு, துண்டை உதறித் தோளில் போட்டபடி வாசலுக்கு வந்துவிட்டேன். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"பொங்கல்ல மிளகு அதிகமாப் போச்சோ?"

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். அந்த பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில்தான் கல்யாணத்துக்குப் போனேன்.