ஓட்டில்லாத கவுன்சிலர்

03.06.2025, செவ்வாய்
காலையில் ஷா ஆலம் கோர்ட். பத்தே நிமிடம், வாய்தா. மாலையில் அடுக்குமாடி ஒன்றில் கால்வாய்ப் புகார். கறுப்புக் கோட்டைக் காரில் போட்டேன், கழுத்துப்பட்டையைக் கழற்ற மறந்துவிட்டேன். கீழே காத்திருந்த பாட்டி, "லோயர் தம்பி, கால்வா நாறுது, கேஸா போடப் போறீங்க?" என்றார். பத்தொன்பது வருட வாதத் திறமை அங்கே செல்லுபடியாகவில்லை. மண்வெட்டி உள்ளவர்களுக்குப் போன் போட்டேன்.

07.06.2025, சனி
ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை. ஆதி நாகப்பன் அறிக்கையை ஒருவழியாகப் பிரித்தேன். 1965 மார்ச் 1-இல், இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி ஊராட்சித் தேர்தல்களை நிறுத்தினார்கள். அதே ஆண்டு அமைத்த அரச விசாரணை ஆணையத்துக்குத் தலைவர் செனட்டர் ஆதி நாகப்பன். வக்கீல், மலேசிய இந்தியர் காங்கிரஸ்காரர், ஆளும் கூட்டணியின் ஆள். 1968-இல் அவர் முடித்த அறிக்கையோ மக்கள் தேர்ந்தெடுக்கும் மன்றமே வேண்டும் என்றது. சொந்தக்காரன் கேஸில் சொந்தக்காரனுக்கு எதிராகத் தீர்ப்பு எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அரசாங்கம் ஏற்கவில்லை. 1976-இல் வந்த ஊராட்சிச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. 10-ஆம் பிரிவின்படி மாநில அரசே 8 முதல் 24 கவுன்சிலர்கள் வரை நியமிக்கும். அப்படி வந்தவன்தான் இதைப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆதி நாகப்பனின் மனைவி ஜானகி, நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் துணைத் தளபதியாக இருந்தவர். அந்த வீட்டில் அறிக்கையைப் பற்றி என்ன பேசியிருப்பார்கள்!

14.06.2025, சனி
தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் பக்கம் போனபோது ஜாலான் ஆதிநாகப்பன் பலகை. மகள், "யாருப்பா இவரு?" என்றாள். பச்சை விளக்கு விழுவதற்குள் சொல்லி முடிக்கிற கதையா அது.

20.06.2025, வெள்ளி
பெட்டாலிங் ஜெயா மாநகரமாகி இன்றோடு 19 ஆண்டு. கால்வாயைப் பார்க்கப் போனேன். தண்ணீர் ஓடுகிறது. பாட்டி மகிழ்ந்துபோய், "அடுத்த எலெக்‌ஷன்ல என் ஓட்டு உங்களுக்குத்தான் தம்பி" என்றார்.

"சரிங்க பாட்டி" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினேன்.