பார்த்தேன் என்று ஒப்பமிடுதல்

நான்கு வரித் திருத்தம். பார்த்துச் சொல்லும்படி எனக்கு வந்தது. பார்த்தேன், சரி என்றேன், பெயரையும் போட்டேன். எல்லாம் பத்து நிமிஷத்தில்.

விஷயம் இது. ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொன்று இருப்பதாகப் பாவனை செய்கிறோம். உள்ளே இருப்பது தன் டிஸ்க் என்று நம்புவது, வெளியே வெறும் ஒரு ஃபைல். எந்தத் துண்டு எங்கே கிடக்கிறது என்று சொல்லும் அட்டவணை அதில் உண்டு. எத்தனை பதிவுகள் கொண்ட அட்டவணை என்பதையும் ஃபைலே தன் தலைப்பில் சொல்லிக்கொள்கிறது. பதிவுக்கு 8 பைட். புரோகிராம் அந்த எண்ணை 8ஆல் பெருக்கி, அவ்வளவு மெமரியை ஒதுக்கி (பஃபர் என்பார்கள்), அட்டவணையை அதில் ஏற்றுகிறது. ஃபைல் யாரிடமிருந்தும் வரலாம். பொய் சொல்லலாம்.

அதற்குத்தான் திருத்தம்: பெருக்கிய விடை ஓர் எல்லையைத் தாண்டினால் ஃபைலைத் திறக்க மறுத்துவிடு. நியாயமாகத்தான் பட்டது.

ஆனால் பெருக்கல் நடந்தது 32 பிட் எண்ணில். 4294967295க்கு மேல் அதில் கொள்ளாது. தாண்டினால் பூஜ்யத்திலிருந்து மறுபடி தொடங்கும். ஃபைல் 536870913 பதிவுகள் என்று சொன்னால் விடை 4294967304 வர வேண்டும். கையில் மிஞ்சுவது 8. எட்டு எந்த எல்லையையும் தாண்டாது. அந்த 8 பைட் இடத்தில்தான் 53 கோடிக்கு மேற்பட்ட பதிவுகளை எழுத அடுத்த வரி தயாராக இருந்தது. மிச்சம், பக்கத்தில் இருக்கும் எதன் மேலாவது விழும்.

பெருக்கும் முன்பே பதிவுகளின் எண்ணிக்கையைச் சோதித்திருக்க வேண்டும். 2014இல் க்யூஎமு என்ற பாவனைப் புரோகிராமில் (நான் சொல்வது அதை அல்ல) டிஸ்க் ஃபைல்களைப் படிக்கும் பகுதிகளில் இத்தகைய வழிதல்கள் பல ஒருசேரத் திருத்தப்பட்டன. எனக்குத் தெரியாத விஷயமல்ல. அதுதான் உறுத்துகிறது.

பார்வைக்கு வருவது மாறிய வரிகளும், அவற்றின் மேலும் கீழும் மும்மூன்று வரிகளும்தான். வழக்கம் அப்படி. அந்த எண் 32 பிட் என்ற அறிவிப்பு நாற்பது வரி மேலே இருந்தது. போய்ப் பார்க்கவில்லை. ஒரு பெயரை மட்டும் மாற்றச் சொன்னேன், கவனமாகப் படித்தவன் போல. மதிப்புரை எழுதும் நண்பர்களுக்கு இந்த வித்தை புதிதல்ல. அச்சுப்பிழை இரண்டைச் சுட்டினால் புத்தகத்தைப் படித்ததாகிவிடும். நானே அப்படி எழுதியிருக்கிறேன்.

மூன்று வாரம் கழித்து வேறொருவர் கண்டுபிடித்தார். என்னைக் குறை சொல்லவில்லை. சோதனையைப் பெருக்கலுக்கு மேலே ஏற்றிப் புதுத் திருத்தம் எழுதி, அதையும் பார்வைக்கு என்னிடமே அனுப்பியிருக்கிறார். பழையதன் அடியில் என் பெயர் அப்படியே கிடக்கிறது. வரலாற்றில் சேர்ந்துவிட்டதை எடுப்பதில்லை.

இந்தத் தடவை முழு ஃபைலையும் திறந்து வைத்திருக்கிறேன். 2000 வரி. மூன்று நாளில் 1100க்கு வந்திருக்கிறேன். இன்னும் பெயர் போடவில்லை.