அமுல் பேபி

நாலு கிலோவைத் தாண்டிப் பிறக்கும் பிள்ளையை ‘அமுல் பேபி’ என்று கொண்டாடுவது நம் வழக்கம். கர்ப்பகாலத்தில் தாய்க்குச் சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருந்திருந்தால் அந்தப் புஷ்டியைக் கண்டு மகிழ்வதற்கில்லை.

தாயின் இரத்தச் சர்க்கரை நஞ்சுக்கொடியைக் கடந்து சிசுவை அடையும். அவளது இன்சுலின் கடக்காது. வந்து குவியும் சர்க்கரையைச் சமாளிக்கச் சிசுவின் கணையமே மிகையாக இன்சுலின் சுரக்கிறது. உடலில் கொழுப்பு சேர்கிறது. கோபன்ஹேகன் மருத்துவர் யோர்கன் பெடர்சன் 1950களில் முன்வைத்த விளக்கம் இது. தொப்புள்கொடியை அறுத்ததும் சர்க்கரை வரத்து நின்றுவிடும். பழகிப்போன கணையமோ உடனே அடங்காது. முதல் சில மணி நேரங்களில் குழந்தையின் சர்க்கரை சரிவது அதனால்தான். கவனியாமல் விட்டால் வலிப்பு, மூளைப் பாதிப்பு வரை போகலாம்.

என் தங்கை மகளின் பிரசவத்தின்போது, சேனை வைக்க நல்ல குணமுள்ளவர் யார் என்று அத்தை ஆள் தேடிக்கொண்டிருந்தார். செவிலி காத்திருக்கவில்லை. பிறந்த ஒரு மணிக்குள் சீம்பால் புகட்டச் செய்தார். பிறகு குதிகாலில் குத்தி ஒரு சொட்டு இரத்தம். “பச்சைப் பிள்ளையைப் போய்...” என்று அத்தைக்கு ஆத்திரம். அந்தச் சொட்டில்தான் எல்லாம் இருந்தது என்பதை அவருக்கு விளக்க எனக்கு அரைநாள் பிடித்தது.

பிள்ளை தேறிவிட்டால் தாயை மறந்துவிடுகிறோம். ஆறு வாரம் கழித்து அவளுக்கும் ஒரு சர்க்கரைப் பரிசோதனை பாக்கியிருக்கிறது.