சாடியின் அடியில் வடிந்த நீர்

பசறைத் தோட்டமொன்றில் தேயிலைத் தவறணையில் வேலை செய்தவர் என் அம்மா. பொலித்தீன் பைகளில் நிற்கும் நாற்றுகளுக்கு உரநீர் ஊற்றியதும், வெறுந்தண்ணீர் தெளித்து இலைகளைக் கழுவிவிடுவார். தங்கும் உப்பு இலையைச் சுடும் என்பார். அது வேரையும் சுடும் என்பதை நான் பிந்தித்தான் அறிந்தேன்.

2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. பதுளையில் என் வீட்டுப் பூச்சாடிகளில் நின்ற மிளகாய்ச் செடிகளின் இலைநுனிகள் கருகின. பசியென்று எண்ணி, எஞ்சியிருந்த உரத்தையும் கரைத்து ஊற்றினேன். மேலும் கருகின.

நண்பரொருவர் மின்கடத்துதிறன் அளக்கும் சிறு கருவியைத் தந்தார். நீரில் கரைந்த உப்பு கூடினால் அதன் எண் உயரும். ஊற்றிய நீர் 1.5 மில்லிசீமன்ஸ், சாடித் துளையால் வடிந்தது 4.2. செடி உண்ணாத உரம் மண்ணில் தேங்கியிருந்தது. வடிநீரின் எண் இறங்கும்வரை வெறுந்தண்ணீர் ஊற்றினேன். சில வாரங்களில் துளிர் வந்தது.

ஆனால் கழுவிய நீர் வடிகால்வழியே பதுளு ஓயாவுக்குப் போயிற்று. அந்த ஆறு துன்ஹிந்தவில் வீழ்ந்து மகாவலியில் சேர்கிறது.

நவம்பரில் தடை நீங்கியது. உரத் தட்டுப்பாடு பற்றி நிறையவே எழுதினேன். வீணே வழியும் உரத்தைப் பற்றி ஒருவரியும் எழுதவில்லை. இப்போது அளந்து குறைவாகவே ஊற்றுகிறேன். வடிநீரைத் தட்டில் ஏந்தி, தண்ணீர் கலந்து வாழைக்கு விடுகிறேன்.