பாட்டியின் கீரை

பினாங்குப் படகுத்துறையில் 101 பஸ் ஏறி, தெலுக் பகாங்கில் 501-க்கு மாறியாயிற்று. பத்து ஃபெரிங்கி வரைக்கும் கடல் கைநீட்டினால் எட்டும் தூரத்தில் கூடவே வந்தது. பஸ்ஸில் பாதிப்பேர் தூங்கினார்கள்.

இனி பாலிக் புலாவ் வரைக்கும் மலைப்பாதை. 1999-இல் கட்டி முடித்த அணை இடப்பக்கம் தெரிந்து மறைகிறது. அதன்பிறகு வளைவுக்கு மேல் வளைவு. முன் இருக்கையில் வெள்ளைக்காரத் தம்பதி. பையில் நார்வே கொடி தைத்திருக்கிறது. கடலே மலைக்குள் புகுந்து கிடக்கும் ஊர்க்காரர்களுக்கு நம்முடைய 833 மீட்டர் கொடிமலை வெறும் மேடுதான். ஆனாலும் ஒவ்வொரு திருப்பத்திலும் அந்த அம்மாள் கணவரின் தோளைத் தட்டுகிறாள். பக்கத்து இருக்கை மலாய்க்காரர் கண்ணைத் திறக்கவே இல்லை.

சரிவெல்லாம் டுரியான் மரங்கள். அடியில் வலை கட்டியிருக்கிறார்கள். பினாங்கில் பழத்தைப் பறிப்பது வழக்கமில்லை. பழுத்துத் தானாக விழவேண்டும். இடையிடையே ஜாதிக்காய் மரமும் நிற்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி மொலுக்காஸ் தீவுகளிலிருந்து நாற்றுக் கொண்டுவந்து நட்ட பயிர். 1860 வாக்கில் நோய் விழுந்து தோட்டக்காரர்கள் பலரை நொடிக்க வைத்தது.

தித்தி கெராவாங் அருவி தாண்டியதும் ஒரு தமிழ்ப் பாட்டி ஏறினாள். கையில் துணிப்பை, வாய் இறுக்கிக் கட்டியது. டுரியான் படத்துக்குக் குறுக்கே சிவப்புக்கோடு போட்ட அறிவிப்பின் கீழேயே உட்கார்ந்தாள்.

இரண்டு வளைவுதான். குளிர்சாதனம் வேலையைக் காட்டிவிட்டது. தூங்கினவர்கள் எல்லாரும் விழித்துக்கொண்டார்கள். நார்வேக்காரர் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார்.

டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். "பாட்டி, பையில என்ன?"

"கீரைப்பா."

யாரும் சிரிக்கவில்லை. பள்ளிச் சீருடையில் இருந்த சீனப்பெண் மட்டும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள், தோள் குலுங்கியது. மலாய்க்காரர் ஒருதடவை மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்துவிட்டு, "ஆங் ஹே" என்றார், ரகத்தின் பெயரை. பாட்டி அவரை மரியாதையோடு பார்த்தாள்.

வலப்பக்கம் மலை விலகி, கீழே வயலும் அதற்கப்பால் மலாக்கா நீரிணையும் ஒருசேரத் திறந்தன. நார்வே அம்மாள் எழுந்தே நின்றுவிட்டாள்.

"எந்தக் கடையில வாங்குனீங்க அந்தக் கீரைய?" என்றார் டிரைவர், பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல்.