வேளாங்கண்ணிக்குப் போனால் வெண்மணிக்கும் போங்கள்

வேளாங்கண்ணிக்குச் சுற்றுலா கிளம்பும் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அரை நாளைக் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று சொல்கிறோம்.

காஞ்சிபுரத்திலிருந்து நாங்கள் பதினோரு பேர் வேன் பிடித்துப் போனோம். கல்லூரிப் பிள்ளைகள், தறிக்காரர்கள், இரண்டு ஆசிரியர்கள். யாருக்கும் நேர்த்திக்கடன் கிடையாது. கடல் பார்க்கணும், மீன் வறுவல் சாப்பிடணும், அவ்வளவுதான்.

கோயில் நகரத்துச் சேரிப் பிள்ளைகள் நாங்கள். 1947இல் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்த பிறகும் எங்கள் பாட்டிமார் தேரடியில் நின்றே கும்பிட்டுத் திரும்பினார்கள். அதனால் எந்த ஊர்க் கோயிலுக்குப் போனாலும் முதலில் வரிசையைத்தான் பார்ப்போம். வேளாங்கண்ணி வரிசையில் எந்தத் தெரு என்று யாரும் கேட்கவில்லை. மொட்டை போட்டவர்கள், காவி உடுத்தி நடந்து வந்தவர்கள், மணலில் முழங்காலிட்டு நகர்பவர்கள் எல்லாரும் ஒரே கூட்டம். மாதாவுக்குக் கட்டியிருந்த சேலையைப் பார்த்ததும் எங்கள் தறிக்கார அண்ணன் ஜரிகையை எடைபோட ஆரம்பித்துவிட்டார்.

அந்த ஊரின் கதைகளும் நமக்கு நெருக்கமானவை. பால் கொண்டுபோன சிறுவன், மோர் விற்ற கால் ஊனமான சிறுவன், புயலில் தப்பிய போர்த்துக்கீசிய மாலுமிகள். மாதா முதலில் தேடி வந்தது வேலை செய்கிற பிள்ளைகளை. 1962இல் போப்பாண்டவர் பசிலிக்கா தகுதி கொடுப்பதற்கு வெகுகாலம் முன்பே ஏழைகள் அந்த இடத்தைப் பெரிதாக்கியிருந்தார்கள்.

ஆனால் தோழர்களே, திருவிழாக் கூட்டத்தில் மறைகிற சாதி கல்லறையில் தெரிந்துவிடும். திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் தலித்துகளைப் பிரிக்கும் சுவர் ஊரறிந்தது. 2008இல் எறையூரில் தலித் கிறித்தவர்கள் தனிப் பங்கு கேட்டதற்காகத் தாக்கப்பட்டார்கள்.

தேவாலயம் செய்வதை அரசும் செய்கிறது. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை இந்துக்களை மட்டுமே பட்டியலில் வைத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவரும் இசுலாமியரும் இன்னும் வெளியே. எங்கள் வேனில் ஒரே தெருவைச் சேர்ந்த இரண்டு தங்கைகள் இருந்தார்கள். ஒருத்தியிடம் எஸ்.சி. சான்றிதழ், ஞானஸ்நானம் பெற்ற குடும்பத்துப் பெண்ணிடம் பி.சி. சான்றிதழ். இருவரையும் ஊர் ஒரே பெயரால்தான் ஏசும். அடித்தால் ஒருத்திக்கு மட்டும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் துணை. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் இந்த மத நிபந்தனையை நீக்கச் சொன்னது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. ஆணை அப்படியே இருக்கிறது.

மறுநாள் காலை வேனைக் கீழ்வெண்மணிக்குத் திருப்பினோம். வேளாங்கண்ணி இருக்கும் அதே நாகை மாவட்டம்தான், ஆனால் சுற்றுலாப் பட்டியல் எதிலும் நாங்கள் அதைப் பார்த்ததில்லை. 1968 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் இரவு. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்ட, செங்கொடியை இறக்க மறுத்த தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களின் 44 பேரை ஒரு குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். கீழ்நீதிமன்றம் தண்டித்த மிராசுதார்களை 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் விடுவித்தது. வசதியானவர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்ப முடியவில்லையாம்.

நினைவிடத்தில் எழுதியிருக்கும் பெயர்களை எங்கள் மாணவர்கள் வாய்விட்டு வாசித்தார்கள். அத்தனையும் எங்கள் தெருவிலும் கூப்பிடுகிற பெயர்கள். வேளாங்கண்ணியில் கேமராவைக் கீழே வைக்காத பிள்ளைகள் இங்கே அதை வெளியே எடுக்கவேயில்லை.

பக்தியைக் கேலி செய்ய இதை எழுதவில்லை. வேறெங்கும் கிடைக்காத சமத்துவத்தை நம் மக்கள் ஒரு நாளாவது அந்த மணலில் அனுபவிக்கிறார்கள், அது உண்மை. அந்த ஒரு நாள் சமத்துவம் கல்லறைக்கும் சான்றிதழுக்கும் கூலிக்கும் வந்து சேரவில்லை என்பதும் உண்மை. அடுத்த விடுமுறைக்கு வேன் பேசும்போது இரண்டு ஊரையும் சேர்த்துப் பேசுங்கள். போகும் வழியில் 1950 ஆணையின் மூன்றாம் பத்தியை ஒருவர் உரக்கப் படியுங்கள். சிறிய பத்திதான், செங்கல்பட்டு தாண்டுவதற்குள் முடிந்துவிடும். விவாதம் நாகப்பட்டினம் வரை தாங்கும்.